டயாலிசிஸ் இலவசம், அப்புறம் ஏன் அந்த வீடு கடனில் மூழ்குகிறது?

சேலத்தில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் வெள்ளிக் கொலுசு வேலைதான். பக்கத்து வீட்டு அண்ணன் கொலுசுக்குச் சலங்கை பற்றவைப்பவர். செய்த எடைக்குத்தான் கூலி. உட்காராத நாளுக்குக் கிடையாது. மூன்று வருடம் முன்பு ஒரு ராத்திரி கால் வீங்கி, மூச்சு வாங்கி, படுக்க முடியாமல் ஆம்புலன்சில் போனார். இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன என்றார்கள்.

அந்த வாரம் தெருவே திரண்டது. ஆளுக்கு 500, 1,000 என்று போட்டோம். பட்டறை முதலாளி கொடுத்தார், பங்காளிகள் கொடுத்தார்கள். 48,000 ரூபாய் சேர்ந்தது. தனியார் மருத்துவமனையில் பதினோரு நாளில் அது தீர்ந்தது. பிறகு அரசு மருத்துவமனைக்கு மாறினார்கள், டயாலிசிஸ் இலவசமாகக் கிடைத்தது, எங்களுக்கும் நிம்மதி. ஆறு மாதம் கழித்து, அண்ணனின் மனைவியான அக்காவின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருப்பதை என் மனைவிதான் கவனித்தாள். கொடி அடகில் இருந்தது. கேட்டதற்கு அக்கா சொன்னார்: "டயாலிசிஸ் சும்மாதானே பண்றாங்க, அப்புறம் என்ன செலவுன்னு எல்லாரும் கேக்கறாங்க. நான் என்னன்னு சொல்றதுங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் செய்கிற உதவி பாதி வீணாகப் போகிறது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

மாரடைப்புக்கும் விபத்துக்கும் செலவு ஒரு மலை மாதிரி வந்து நிற்கும். ஏறி இறங்கிவிட்டால் ஒருவாறு முடிந்தது. சிறுநீரகச் செயலிழப்பு அப்படியல்ல. இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் ஹீமோடயாலிசிஸ் பொதுவாக வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம். வருடத்துக்கு 156 தடவை. இரண்டு முறை போகிறவர்களுக்கே 104. மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும்வரை, கிடைக்காவிட்டால் ஆயுள் முழுக்க, தீபாவளியன்றும் போக வேண்டும்.

இப்போது ஒரு கணக்கு. வாரம் மூன்று என்றால் மாதத்துக்குப் பதின்மூன்று முறை. சிகிச்சை முடிந்ததும் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், கால் நரம்பு இழுக்கும். தனியாக அனுப்ப முடியாது, கூட ஒரு ஆள் வேண்டும். நாலு மணி நேரம்தான் என்றாலும், போய் வரிசையில் காத்திருந்து, ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்கும்வரை உட்கார்ந்து, திரும்பினால் அன்றைய நாள் போனது. ஒருவருக்கு நாள் கூலி 500 என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு பேருக்கும் சேர்த்து மாதம் 13,000 ரூபாய் உள்ளே வராமல் நின்றுபோகிறது. பஸ், திரும்பும்போது ஆட்டோ, இரண்டு பேருக்குச் சாப்பாடு என்று ஒரு தடவைக்கு 200 போட்டால் 2,600 வெளியே போகிறது. வெளியில் எடுக்கச் சொன்ன ரத்தப் பரிசோதனை, கடையில் வாங்கச் சொன்ன மாத்திரை எல்லாம் தனி. ஆஸ்பத்திரிப் பில் என்று ஒரு ரூபாய்கூட இதில் இல்லை. அதனால்தான் அக்காவால் பதில் சொல்ல முடியவில்லை.

இதோடு வட்டி. முதல் வாரப் பதற்றத்தில் கைமாற்றாக வாங்கிய 1 லட்சத்துக்கு நூற்றுக்கு மூன்று வட்டி என்றால் மாதம் 3,000. வருடத்துக்கு 36 சதவீதம். அந்த 36,000 கட்டிய பிறகும் அசல் அப்படியே நிற்கும். சிகிச்சையே இலவசமானாலும் இந்த மூன்றும் சேர்ந்து வீட்டைத் தின்றுவிடும்: வராத கூலி, வழிச்செலவு, வட்டி.

இதை மனதில் வைத்துப் பார்த்தால் நாங்கள் செய்தது மொய். கல்யாணத்துக்கு மொய் சரி, ஏனென்றால் கல்யாணம் ஒரு நாள். இந்த நோய்க்குப் பொருந்துவது சீட்டு. இதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு எட்டு மாதம் ஆனது. இப்போது எங்கள் தெருவிலும் பட்டறையிலுமாக இருபது பேர் மாதம் 250 போடுகிறோம். ஐயாயிரம் ஆகிறது. ஏலம் கிடையாது, ஒவ்வொரு மாதமும் சீட்டு அந்த வீட்டுக்கே விழும். மொய் நோட்டில் எழுதுவதுமில்லை. எழுதினால் திருப்பிச் செய்ய வேண்டிய கடனாகிவிடும். அந்த வீட்டில் இன்னொரு கடனுக்கு இடமில்லை. ஒரே மாதத்தில் 20,000 கொடுத்துவிட்டு ஒதுங்குபவரைவிட, இரண்டு வருடம் தவறாமல் 250 போடுபவர் அந்த வீட்டுக்கு அதிகம் உதவுகிறார். ஐந்தாம் தேதி இவ்வளவு வரும் என்று தெரிந்தால்தான் அக்காவால் கந்துக்காரரிடம் போகாமல் மாதத்தை ஓட்ட முடிகிறது.

பணம் போட முடியாதவர்கள் நாளைக் கொடுக்கலாம். செவ்வாய், வியாழன், சனி என்று அண்ணனுக்கு முறை. செவ்வாய்க்கிழமை ஓய்வுபெற்ற மில் தொழிலாளி மாமா ஒருவர் உடன் போகிறார். அந்த ஒரு நாள் அக்கா வேலைக்குப் போக முடிகிறது. மாதத்துக்கு நான்கு நாள் கூலி! உடன் போகிறவருக்குப் பெரிய காரியம் எதுவும் இல்லை. உட்கார்ந்திருப்பது, டீ வாங்கித் தருவது, இறங்கும்போது கை பிடிப்பது. முடிந்தால் டயாலிசிஸ் பிரிவில் எந்த ஷிஃப்ட் காலியாகிறது என்று அவ்வப்போது கேட்டுவைப்பதும் நல்லது. அதிகாலை ஷிஃப்ட் கிடைத்தால் வீட்டில் மற்றவர்களுக்கு அரை நாளாவது மிஞ்சும்.

சரி, முதல் வாரத்துக்கு வருவோம். பணம் அதிகம் கரைவது அப்போதுதான். அந்த நேரத்தில் நண்பர்கள் பர்சைத் திறப்பதற்கு முன் காகிதத்தைத் தேட வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-ல் இந்தப் பெயர் பெற்று, 2018-ல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு உரியது. டயாலிசிஸும் சிறுநீரக மாற்று அறுவையும் இதில் உண்டு. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் செல்லும். குடும்ப அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலர் வழியாக வாங்கிய வருமானச் சான்று ஆகியவற்றோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். கட்டணமில்லா எண் 1800 425 3993. காப்பீட்டில் அனுமதி கிடைத்த சிகிச்சைக்கு மேற்கொண்டு பணம் கேட்டால் இந்த எண்ணில்தான் புகார் சொல்ல வேண்டும்.

நோயாளியின் மனைவியோ அம்மாவோ ஐசியூ வாசலை விட்டு நகர மாட்டார்கள். அவர்களிடம் "சான்று வாங்கினீங்களா?" என்று கேட்பதில் அர்த்தமில்லை. நீங்களே போய் வரிசையில் நில்லுங்கள். அண்ணன் வீட்டில் காப்பீட்டு அட்டை இருந்திருக்கிறது, பீரோவில் புடவைக்கு அடியில். பதினோராவது நாள்தான் ஞாபகம் வந்தது. அதற்கு முன்பே யாராவது ஒருவர் "அட்டை இருக்காங்க்கா?" என்று கேட்டிருந்தால் அந்த 48,000-ல் பெரும்பகுதி இன்னும் கையில் இருந்திருக்கும். அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை என்பது இன்னும் உறுத்துகிறது.

மாதச் சம்பளம் வாங்குபவராக இருந்தால் பார்க்க வேண்டிய காகிதம் வேறு. சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இஎஸ்ஐ பிடித்தம் இருந்தால் சிகிச்சை மட்டுமல்ல, வேலைக்குப் போகாத நாட்களுக்குப் பணமும் உண்டு. சாதாரண நோய்க்கு வருடத்தில் 91 நாள். நீண்டகால நோய்ப் பட்டியலில் நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு இருப்பதால், தகுதியான பணிக்காலம் உள்ளவர்களுக்கு ஊதியத்தில் 80 சதவீதம் இரண்டு வருடம் வரை நீளும். வேலையை விட்டுவிட்டால் இதைக் கேட்க வழியில்லாமல் போகலாம். எனவே "உடம்பு முடியலை, நின்னுக்கறேன்" என்று எழுதிக் கொடுப்பதைத் தடுப்பதுதான் நண்பர்கள் செய்யும் முதல் உதவி. பி.எஃப். பணத்திலும் நோய்ச் செலவுக்கு எடுக்கலாம். சிகிச்சைக்காகக் காட்பாடி, கோவை, சென்னை என்று ரயிலேறுகிற டயாலிசிஸ் நோயாளிக்கும் உடன் போகும் ஒருவருக்கும் ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் கட்டணத்தில் 75 சதவீதம் சலுகை உண்டு. மருத்துவமனையில் கையெழுத்து வாங்கிய படிவத்தோடு போக வேண்டும்.

மலை மேல் இருப்பவர்களுக்குக் கணக்கே மாறிவிடுகிறது. ஏற்காட்டிலிருந்து சேலம் சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. நாகலூர், செம்மநத்தம், மாரமங்கலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து முதலில் ஏற்காட்டுக்கே வர வேண்டும். டயாலிசிஸ் முடிந்து, ரத்த அழுத்தம் இறங்கிய உடம்போடு அந்த வளைவுகளில் பஸ்சில் ஏறி வருவதை நினைத்துப் பாருங்கள். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் எஸ்டேட் கூலியை விட்டுவிட்டு வாரம் மூன்று நாள் கீழே இறங்கி ஏறுவது ஒரு மலையாளிப் பழங்குடிக் குடும்பத்துக்கு எவ்வளவு நாள் தாங்கும்? வாரம் மூன்று இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். வர முடியாமல் நிற்பவரைக் கவனக்குறைவானவர் என்று சொல்வது எனக்குக் கோபம் வரவைக்கிறது.

அவர்கள் மருத்துவரிடம் கேட்டுப் பார்க்க வேண்டிய ஒரு வழி இருக்கிறது. வயிற்றுக்குள் மென்மையான குழாய் ஒன்றைப் பொருத்தி, அதன் வழியாக இரண்டு லிட்டர் அளவுள்ள மருந்து நீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வெளியேற்றும் பெரிடோனியல் டயாலிசிஸ் என்ற முறை. வயிற்றின் உட்சவ்வே வடிகட்டியாக வேலை செய்கிறது. ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, வீட்டிலேயே செய்துகொள்ளலாம். இயந்திரம் வேண்டாம், வாரம் மூன்று முறை மலை இறங்க வேண்டாம். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதும் சேர்ந்திருக்கிறது. எல்லாருக்கும் இது ஒத்துவராது. கை சுத்தமாக இல்லாவிட்டால் வயிற்றுக்குள் கிருமித் தொற்று வரும், அது ஆபத்து. ஆனால் உதவ நினைப்பவருக்கு இங்கே ஒரு நல்ல வேலை இருக்கிறது. மலைக்கிராமத்து வீட்டில் ஒரு மூலையைத் தடுத்து, தரைக்குச் சிமெண்ட் பூசி, கை கழுவ ஒரு குழாயும் பைகளை அடுக்க ஒரு பரணும் போட்டுக் கொடுப்பது. ஒரு முறை செய்கிற செலவு, வருடம் 156 பயணத்தை மிச்சப்படுத்தும்.

ஹீமோடயாலிசிஸ் செய்பவர்களுக்குக் கை முக்கியம். முழங்கையருகிலோ மணிக்கட்டிலோ தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா என்று ஒன்றைச் செய்வார்கள். அது பயன்பாட்டுக்கு வர ஆறு வாரமாவது ஆகும். அதுவரை கழுத்தில் குழாய். குழாய் வழியாகக் கிருமி ஏறினால் குளிர் நடுக்கம், காய்ச்சல், மறுபடி அட்மிஷன், மறுபடி கடன். ஃபிஸ்டுலாவைத் தள்ளிப்போடாமல் செய்துகொள்வது பணத்தையும் காப்பாற்றும். அந்தக் கையில் பாரம் தூக்கக் கூடாது, ஊசி போடக் கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது. தொட்டால் உள்ளே ஒரு அதிர்வு தெரிய வேண்டும். நின்றுவிட்டால் அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அண்ணனின் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். தினமும் பள்ளிக்குக் கிளம்பும்போது அப்பாவின் இடது கையில் காதை வைத்துக் கேட்பாள். "ஓடுதுப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் பையை மாட்டுவாள்.

நோய் விசாரிக்கப் போகிறவர்கள் கையில் என்ன கொண்டுபோகிறோம் என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆரஞ்சு, வாழைப்பழம், இளநீர், மே மாதமானால் மாம்பழம். நம் ஊரில் மாம்பழம் இல்லாமல் யார் வீட்டுக்கும் போக மாட்டோம். ஆனால் இவை எல்லாவற்றிலும் பொட்டாசியம் இருக்கிறது. வேலை செய்யாத சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பையே நிறுத்திவிடும். நட்சத்திரப் பழம் இவர்களுக்கு நேரடியாகவே விஷம். தண்ணீரும் அளவுதான், அதற்கும் மருத்துவர் கணக்கு சொல்லியிருப்பார். சேலத்துச் சித்திரை வெயிலில் அந்தக் கணக்கோடு இருப்பவர் முன்னால் உட்கார்ந்து ஒரு சொம்பு மோர் குடிக்காதீர்கள். எதுவும் கொண்டுபோகாமல் இருக்க மனம் கேட்காது என்றால் ஒரு தட்டு முட்டை வாங்கிப் போங்கள். டயாலிசிஸ் தொடங்கியவருக்குப் புரதம் கூடுதலாக வேண்டும். முட்டையின் வெள்ளைக் கரு மிக நல்லது. பக்கத்தில் நாமக்கல் இருக்கும்போது அது கிடைக்காத நாளே இல்லை. கிட்னிக்கு நல்லது என்று யாரோ சொன்ன சூரணத்தையும் கஷாயத்தையும் மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

கடன் விஷயத்தில் உதவும் நண்பர் கொஞ்சம் துணிந்து உள்ளே போக வேண்டும். கூச்சமான இடம்தான். என்ன நகை எங்கே அடகில், எவ்வளவு வட்டி, குழுக்கடன் எத்தனை என்று ஒரு தாளில் எழுதி உட்கார்ந்தாலே பாதி தெளிவு வரும். அண்ணன் வீட்டில் அதிக வட்டிக்கு இருந்த நகையை மீட்டு, கூட்டுறவுக் கடன் சங்கத்தில் குறைந்த வட்டிக்கு மாற்றி வைத்தோம். புதிதாக யாரும் பணம் போடவில்லை; வட்டி மட்டும் பாதிக்குக் கீழே இறங்கியது. குழுக்கடன் தருகிற நிதி நிறுவனங்களுக்கும் ரிசர்வ் வங்கி 2022-ல் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்த்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வருமானம் விழுந்த வீட்டுக்கு மேலும் மேலும் கடன் தள்ளுகிறவரிடம் இதைச் சொல்லிக் கேட்கலாம். அளவு மீறிய வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதல் தனிச் சட்டமே இருக்கிறது.

கடன் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை 2025 ஜூலையில் பார்த்தோம். பக்கத்து மாவட்டமான நாமக்கல்லில், பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்கள் கடனை அடைக்கத் தரகர்களிடம் சிறுநீரகத்தை விற்ற செய்தி வெளியே வந்தது. விற்றவரும் ஏழை, வாங்குபவர் வீடும் பல நேரம் இருப்பதையெல்லாம் விற்றுத்தான் வாங்குகிறது. 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி, 2011 திருத்தத்துக்குப் பிறகு, காசுக்கு உறுப்பு வாங்குவதும் விற்பதும் ஏற்பாடு செய்வதும் 5 முதல் 10 வருடம் சிறை. 20 லட்சத்திலிருந்து 1 கோடி வரை அபராதம். அப்பா, அம்மா, பிள்ளைகள், உடன்பிறந்தவர், கணவன் மனைவி, தாத்தா பாட்டி, பேரன் பேத்தி ஆகியோர் நெருங்கிய உறவு. அதற்கு வெளியே யாராவது தர விரும்பினால் அனுமதிக் குழு விசாரித்துத்தான் முடிவு செய்யும். டயாலிசிஸ் வாசலில் "ஆள் இருக்குங்க" என்று ஒருவர் வந்து பேசினால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடச் சொல்லுங்கள்.

உறவுக்குள் தானம் என்றால் பெரும்பாலும் அம்மாவோ மனைவியோதான் முன்வருகிறார்கள். அவருக்கும் அறுவைக்குப் பின் சில வாரம் கனமான வேலை கூடாது. அப்போது வீட்டில் சம்பாதிக்க யாருமே இருக்க மாட்டார்கள். சீட்டுத் தொகையை இரட்டிப்பாக்க வேண்டிய மாதங்கள் அவை. அந்த அக்காவிடம் "நீ குடுத்துடேன்" என்று ஊரார் யாரும் சொல்லாமல் இருப்பதும் உதவிதான். கொடுப்பதா வேண்டாமா என்பது அவருடைய உடம்பு, அவருடைய முடிவு.

பிள்ளைகள் படிப்பு சத்தமில்லாமல் போகும். அண்ணனின் மூத்த மகன் பத்தாவது முடித்துவிட்டுப் பட்டறையில் உட்கார்ந்துவிட்டான், "ஒரு வருஷம்தான் மாமா" என்று. நாங்கள் சீட்டு ஆரம்பித்த பிறகு முதலில் செய்தது அவனைத் திரும்பப் பதினொன்றில் சேர்த்தது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரி போகும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய் இருக்கிறது. கல்லூரிக்குப் போனால் அது வரும். பட்டறையில் உட்கார்ந்தால் வராது.

வீட்டில் ரத்த வகை பொருந்தவில்லை. அண்ணன் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்காக தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டானின் பட்டியலில் பதிந்திருக்கிறார். தமிழ்நாட்டில் இந்த ஏற்பாடு 2008-லிருந்து நடக்கிறது. காத்திருப்பு நீளம். அழைப்பு எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. வந்தால் நள்ளிரவாக இருந்தாலும் சில மணி நேரத்தில் மருத்துவமனையில் இருக்க வேண்டும். ஃபோன் அணைந்திருந்தாலோ வண்டி கிடைக்காவிட்டாலோ அடுத்தவருக்குப் போய்விடும். அதனால் அண்ணன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு பை மாட்டியிருக்கிறது. இரண்டு வேட்டி, துண்டு, எல்லா ரிப்போர்ட்டும் ஒரு பிளாஸ்டிக் உறையில், காப்பீட்டு அட்டையும் அதில்தான். சீட்டுப் பணத்திலிருந்து எடுத்து வைத்த 5,000 ரூபாய், யாரும் தொடக் கூடாத பணம். கதவில் சாக்பீசால் கார் ஓட்டுகிற தம்பி நம்பர். மாதத்துக்கு ஒரு முறை அந்தத் தம்பி வந்து, "நம்பர் மாத்தலைங்கண்ணா, நைட்டுல அடிச்சாலும் எடுப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.